பருவ இறுதியில் மாணவர்க்குத் துணைநிற்றல்: விரிவுரையாளர் கடமை குறித்த சில சிந்தனைகள்

முன்னுரை

பல்கலைக்கழகப் பருவம் ஒன்றின் இறுதி வாரங்கள் மாணவர்க்கும் விரிவுரையாளர்க்கும் ஒருங்கே சுமை மிகுந்தவை. மாணவர் இடுபணிகளை ஒப்படைத்தல், வகுப்பில் படைத்தல், தேர்வுக்கு ஆயத்தமாதல் ஆகிய மூன்றையும் ஒரே காலத்தில் செய்கின்றனர். விரிவுரையாளர் எஞ்சிய பாடங்களை முடித்தல், வினாத்தாள்களைச் சரிபார்த்தல், குவிந்துள்ள தாள்களைத் திருத்துதல் ஆகியவற்றுக்கிடையே உழல்கின்றனர். இந்நெருக்கடியில் மாணவர்க்கு எவ்வாறு உதவலாம் என்னும் வினா எழும்போது, பொதுவாக இரண்டு விடைகளே கூறப்படுகின்றன. ஒப்படைக்கும் நாளைச் சில நாள்கள் தள்ளிவைத்தல் ஒன்று. தேர்வில் வரக்கூடிய பகுதிகளைக் குறிப்பாற் சுட்டுதல் மற்றொன்று.

இரண்டும் நல்லெண்ணத்தில் எழுபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், முன்னது சுமையை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு நகர்த்துகிறதே அன்றிக் குறைப்பதில்லை. பின்னது கற்றலையே சுருக்கிவிடுகிறது. பருவ இறுதியில் மாணவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டின் பெரும்பகுதி, பருவத் தொடக்கத்தில் வகுக்கப்படும் கால ஒழுங்கிலிருந்தே பிறக்கிறது என்பதும், எனவே துணைநிற்றல் என்பது இறுதி வாரத்தின் இரக்கமாக இல்லாமல் துறையின் திட்டமாக அமையவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் தமிழும் இந்திய ஆய்வியலும் பயிலும் மாணவரை மனத்திற்கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

சுமையின் கணக்கு

மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணிநேரக் கற்றல் உழைப்பைக் குறிக்கும். விரிவுரை, வழிகாட்டி வகுப்பு, தனிப்படிப்பு, இடுபணி, தேர்வு ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும். ஆகவே, 3 கிரெடிட் பாடம் ஒன்று 120 மணிநேர உழைப்பை வேண்டுவது. ஒரு பருவத்தில் இத்தகைய ஆறு பாடங்களை எடுக்கும் மாணவரின் மொத்த உழைப்பு 720 மணிநேரமாகிறது. 14 கற்பித்தல் வாரங்கள், பருவ நடு விடுமுறை ஒரு வாரம், மீள்பார்வை ஒரு வாரம், தேர்வு இரண்டு வாரம் எனக் கொண்டால் பருவம் 18 வாரங்களாகும். 720 மணிநேரத்தை 18 வாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் வாரத்திற்கு 40 மணிநேரம் வருகிறது. முழுநேரப் பணியாளர் ஒருவரின் உழைப்புக்கு இஃது ஈடானது. கடினமே எனினும் இயலக்கூடியது.

ஆனால், சுமை இவ்வாறு சமமாகப் பரவுவதில்லை. ஆறு பாடங்களும் தத்தம் இடுபணியை 12, 13ஆம் வாரங்களில் ஒப்படைக்கக் கோருகின்றன எனவும், ஒவ்வோர் இடுபணிக்கும் 25 மணிநேரம் தேவைப்படுகிறது எனவும் கொள்வோம். இடுபணிகளுக்கு மட்டும் 150 மணிநேரம் வேண்டும். அவ்விரு வாரங்களிலும் வகுப்புகள் வழக்கம்போல் நடைபெறும். பாடத்திற்கு வாரம் 3 மணிநேரம் எனின், ஆறு பாடங்களுக்கு இரு வாரங்களில் 36 மணிநேரமாகும். இரண்டையும் கூட்டினால் 186 மணிநேரம். அதாவது வாரத்திற்கு 93 மணிநேரம். இடுபணியைப் பல வாரங்களுக்கு முன்னரே தொடங்கவேண்டும் என அறிவுறுத்துதல் எளிது. ஆயினும், இறுதி நாளைத் தவிர வேறு நாளெதுவும் குறிக்கப்படாத பணி இறுதி நாளை நோக்கியே நகரும் என்பது மாணவர்க்கு மட்டுமன்று, கட்டுரை எழுதும் ஆய்வாளர்க்கும் பொருந்தும் உண்மையாகும்.

இக்கணக்கில் எந்த ஒரு விரிவுரையாளர் மீதும் குறை காண இயலாது என்பதே கவனத்திற்குரியது. ஒவ்வொருவரும் தம் பாடத்திற்குரிய 120 மணிநேர எல்லைக்குள்ளேயே பணி தந்துள்ளனர். ஆறு பாடங்களையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. அதனை எண்ணுபவர் மாணவர் ஒருவரே.

நாள்களைப் பங்கிடுதல்

எனவே, முதற்பணி துறை அளவில் செய்யப்படவேண்டியது. பருவம் தொடங்குமுன் எல்லாப் பாடங்களின் ஒப்படைப்பு நாள், படைப்பு நாள், இடைத்தேர்வு நாள் ஆகியவற்றை ஒரே தாளில் வாரவாரியாகக் குறித்தல் வேண்டும். இதற்கு ஒரு மணிநேரக் கூட்டமே போதும். முதலாண்டு மாணவர்க்கு ஒன்று, இரண்டாமாண்டு மாணவர்க்கு ஒன்று என ஆண்டுவாரியாக இத்தாளை ஆயத்தம் செய்தால், எந்த வாரத்தில் நான்கு ஒப்படைப்புகள் மோதுகின்றன என்பது கண்முன்னே தெரியும். இரண்டு பாடங்களின் நாள்களை முன்னும் பின்னும் நகர்த்தினாலே நெருக்கடியின் கூர்மை குறைந்துவிடும்.

இரண்டாவது, பெரிய இடுபணியைப் படிநிலைகளாகப் பிரித்தல். 4ஆம் வாரத்தில் தலைப்பும் ஒரு பக்கக் குறிப்பும், 7ஆம் வாரத்தில் நூற்பட்டியலும் கட்டுரைச் சட்டகமும், 10ஆம் வாரத்தில் முதல் வரைவு, 12ஆம் வாரத்தில் திருந்திய வடிவம் என அமைக்கலாம். ஒவ்வொரு படிநிலைக்கும் சிறு அளவேனும் புள்ளி வழங்கினால்தான் மாணவர் அதனைப் பொருட்படுத்துவர். இம்முறைக்குப் பிறிதொரு பயனும் உண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல், செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக்கொண்டு ஓரிரவில் கட்டுரை ஆக்கும் வழி மாணவர் கைக்கு எட்டியுள்ளது. அவ்வழியை நாடச் செய்வதில் காலநெருக்கடிக்கும் பங்குண்டு. கட்டுரை வளர்ந்துவரும் நிலைகளைக் கண்டுவரும் விரிவுரையாளர், இறுதியில் வந்து சேரும் தாளின் உண்மைத்தன்மையை ஐயுறவேண்டிய தேவை பெரிதும் குறையும். மாணவருக்கும் கடைசி இரவு என்னும் பொறி இல்லாமற்போகும்.

மூன்றாவது, பண்டிகைக் காலங்களைக் கருத்திற்கொள்ளுதல். கல்வியாண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கும்போது, தீபாவளி முதற்பருவத்தின் தொடக்க வாரங்களில் வருகிறது. பொங்கலும் தைப்பூசமும் அதன் இறுதியிலோ தேர்வுக் காலத்திலோ வருகின்றன. தைப்பூசம் கோலாலம்பூரில் 2008 முதல் பொது விடுமுறையாக உள்ளது; ஆயினும் எல்லா மாநிலங்களிலும் அவ்வாறில்லை. காவடி எடுக்கும் மாணவர் பல நாள்களுக்கு முன்பே விரதம் பூணுவர். குடும்பத்தினரும் அவர்தம் வரவை எதிர்பார்ப்பர். பண்டிகைக்கு மறுநாளை ஒப்படைப்பு நாளாகக் குறிக்காதிருத்தல் எளிதிற் செய்யக்கூடிய உதவியாகும்.

சலுகையும் நேர்மையும்

நாள் நீட்டிப்புக் குறித்து இங்கே ஒரு கருத்தைத் தெளிவுபடுத்துதல் நலம். விரிவுரையாளரின் அறைக்கதவைத் தட்டிக் கேட்கும் மாணவருக்கு மூன்று நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. கேட்கக் கூசும் மாணவருக்குக் கிடைப்பதில்லை. ஆசிரியரிடம் மரியாதை காட்டுதல் என்பதைக் கேள்வி கேளாதிருத்தல் எனப் பொருள்கொண்டு வளர்ந்த தமிழ் மாணவர் பலர் இரண்டாம் வகையினர். அவருள்ளும் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவர், இத்தகைய வேண்டுகோள் விடுக்கலாம் என்பதையே அறியாதவராக இருக்கக்கூடும். இரக்கத்தால் வழங்கப்படும் சலுகை, தேவை மிகுந்தவரைச் சேராமற்போவதற்கு இதுவே காரணமாகும்.

சலுகையை விதியாக்குதல் இதற்குத் தீர்வு. எடுத்துக்காட்டாக, பருவத்திற்கு ஒருமுறை காரணம் கூறாமலே மூன்று நாள் நீட்டிப்புப் பெறும் உரிமை ஒவ்வொரு மாணவருக்கும் உண்டு என்பதைப் பாடத்திட்ட விவரத்திலேயே அச்சிடலாம். நோய், இழவு முதலிய காரணங்களுக்குரிய வழிமுறையையும் அங்கேயே குறிக்கலாம். கேட்பவர், கேளாதவர் என்னும் வேறுபாடு இதனால் நீங்கும். விரிவுரையாளரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் தனித்தனியே எடைபோடும் தொல்லையிலிருந்து விடுபடுவர்.

தேர்வுக்கு முன் மறுமொழி

மாணவருக்குப் பருவ இறுதியில் மிகுதியும் தேவைப்படுவது, இதுவரை எழுதியவற்றில் எங்கே தவறினோம் என்னும் அறிவு. தேர்வு முடிந்தபின் கிடைக்கும் திருத்தத்தாள் எத்துணை விரிவாக இருப்பினும் அத்தேர்வுக்குப் பயன்படுவதன்று. ஆயினும், 40 மாணவர் கொண்ட வகுப்பில் ஒரு தாளுக்கு 20 நிமிடம் எனின் 13 மணிநேரத்திற்கும் மேல் ஆகும். எனவேதான் திருத்தம் தாமதமாகிறது.

இதற்கு நடைமுறை வழி ஒன்றுண்டு. தாள்களை ஒருமுறை விரைந்து படித்து, பலரிடம் பொதுவாகக் காணப்படும் நான்கைந்து குறைகளைத் தொகுத்து, ஒரு பக்கப் பொதுக் குறிப்பாக ஒரு வாரத்திற்குள் வகுப்பிற்கு வழங்குதல். ஒவ்வொரு தாளிலும் தனியாக இரண்டு வரி மட்டும் எழுதுதல். இக்குறிப்பு குறிப்பானதாக இருத்தல் வேண்டும். 'இன்னும் விரிவாக எழுதுக' என்பதால் மாணவர் எதனையும் கற்பதில்லை. புறநானூற்றுப் பாடலொன்று காட்டும் சமூகநிலையை ஆராயச் சொன்ன வினாவுக்கு மாணவர் அப்பாடலின் பொருளை மட்டும் எழுதியிருந்தால், 'பாடலுக்கு உரை தந்துள்ளீர்கள். வினா கேட்பது அப்பாடலிலிருந்து நீங்கள் பெறும் முடிவை' என எழுதுதல் பயனுடையது. அடுத்த முறை என்ன செய்யவேண்டும் என்பதை அது சொல்லிவிடுகிறது.

இதனோடு தொடர்புடைய மொழிச் சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற மாணவர் இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாய்மொழி வாயிலாகவே கற்கின்றனர். தமிழ் அங்கு ஒரு பாடம் மட்டுமே. ஆகவே, வரலாற்றையோ சமூகவியலையோ தமிழில் ஆய்வுநடையில் எழுதுதல், பல்கலைக்கழகத்தில் அவர் புதிதாகப் பயிலும் கலையாகும். அதே பருவத்தில் பொதுப்பாடங்களுக்கு மலாயிலும் வேறு பாடங்களுக்கு ஆங்கிலத்திலும் அவர் எழுதவேண்டியுள்ளது. 'விளக்குக', 'ஒப்பிடுக', 'ஆராய்க', 'மதிப்பிடுக' எனும் வினாச்சொற்கள் வெவ்வேறு வகை விடைகளைக் கோருகின்றன என்பதைத் தேர்வுக்கு முன் ஒரு வழிகாட்டி வகுப்பில் மாதிரி விடைகளோடு காட்டுதல், தேர்வுப் பகுதிகளைக் குறிப்பாற் சுட்டுவதினும் நேர்மையான உதவி. கலைச்சொற்களைத் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழியில் இரண்டு பக்கப் பட்டியலாகத் தருவதும் மாணவர்க்குப் பெரிதும் கைகொடுக்கும்.

மீள்பார்வை வாரம்

மீள்பார்வை வாரத்தில் மாணவர் என்ன செய்கின்றனர்? குறிப்பேடுகளை மீண்டும் மீண்டும் படிப்பவரே பலர். இம்முறை பயனளிக்கும் எல்லையை 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்ப்பிக்கி எனும் உளவியலாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஒரு பகுதியை இருமுறை படித்த மாணவரையும், ஒருமுறை படித்துப் பின் நினைவிலிருந்து எழுதிப்பார்த்த மாணவரையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, இருமுறை படித்தவர் 81 விழுக்காடும் எழுதிப்பார்த்தவர் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது நிலை மாறியது. இருமுறை படித்தவர் 42 விழுக்காடும், எழுதிப்பார்த்தவர் 56 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். மீண்டும் படித்தல் உடனடியாகத் தெளிவுணர்வைத் தருவதால் மாணவர் அதனை நம்புகின்றனர். ஆனால், நிலைத்து நிற்பது நினைவிலிருந்து மீட்டெடுத்ததே.

தமிழ்க் கல்விமரபுக்கு இக்கருத்து அயலானதன்று. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கர் நூலைப் பயிலும் முறைகளை எண்ணும்போது, கேட்டவற்றை மீள நினைத்தல், ஆசிரியரை அணுகி ஐயம் நீங்கக் கேட்டல், ஒத்தவரோடு சேர்ந்து பயிலுதல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடைகூறுதல் ஆகியவற்றையும் சேர்க்கிறது. ஆசிரியர் கூறியதை நன்கு கொண்டாலும் புலமையில் காற்பங்கே நிரம்பும் எனவும், உடன்பயில்வோரால் மற்றொரு காற்பங்கு சேரும் எனவும், எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறைவுறும் எனவும் அந்நூல் வகுக்கிறது. நன்னூலைப் பாடமாக நடத்தும் துறைகள் அதன் கற்றல் நெறியை மீள்பார்வை வாரத்தில் நடைமுறைப்படுத்துதல் பொருத்தமானதே.

அதற்குரிய வழிகள் எளியவை. மீள்பார்வை வாரத்தில் புதிய செய்தி எதனையும் கற்பிக்காமல், மூவர் அல்லது நால்வர் கொண்ட குழுக்களாக மாணவரை அமர்த்தி, ஒவ்வொருவரும் ஒரு பகுதியைக் குறிப்பின்றி மற்றவர்க்கு விளக்கச் செய்யலாம். முந்தைய ஆண்டு வினாக்களில் இரண்டைத் தந்து, விடையின் சட்டகத்தை மட்டும் பதினைந்து நிமிடத்தில் எழுதச் செய்யலாம். இவற்றுக்குப் புள்ளி வழங்கலாகாது. தவறு செய்ய அஞ்சாத இடமாக அவ்வகுப்பு விளங்கினால்தான் மாணவர் தம் அறியாமையை வெளிப்படுத்துவர்.

பொருளும் மனநலமும்

மாணவருள் பலர் 1997-இல் தோற்றுவிக்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனுதவியால் பயில்கின்றனர். அத்தொகை போதாதபோது பகுதிநேர வேலைக்கும் செல்கின்றனர். தேர்ச்சி குறைந்தால் கடனுதவிக்கே இடையூறு வரக்கூடும் என்னும் அச்சம் இவர்களைப் பருவ இறுதியில் வாட்டுகிறது. இடுபணியை அச்சிட்டுக் கட்டமைத்து ஒப்படைக்கக் கோராமல் மின்வடிவத்தில் பெறுதல், விலைமிகுந்த நூல்களின் படிகளை நூலகத்தில் ஒதுக்கி வைத்தல் போன்றவை சிறியனவாகத் தோன்றினும் இத்தகையோருக்குப் பெரியன. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து வகுப்புகள் இணையத்திற்கு மாறியபோது, ஒவ்வொரு மாணவரின் வீட்டுச்சூழலும் எத்துணை வேறுபட்டது என்பதைக் கல்வியுலகம் கண்டது. வகுப்பறைக்குத் திரும்பிய பின்னும் அவ்வேறுபாடு மறைந்துவிடவில்லை.

மனவுளைச்சலைப் பொறுத்தவரை, விரிவுரையாளர் உளநல ஆலோசகர் அல்லர். அவருக்குரிய கடமை மூன்று: கவனித்தல், தனிமையில் வினாவுதல், உரிய இடத்திற்கு ஆற்றுப்படுத்துதல். தொடர்ந்து வகுப்புக்கு வராமை, தரத்தில் திடீர்ச் சரிவு, குழுப்பணியிலிருந்து விலகல் ஆகியவை கவனிக்கத்தக்கவை. 'ஏன் வரவில்லை?' எனக் கேட்டால் மாணவர் காரணம் தேடுவர். 'இரண்டு வாரமாக உங்களைக் காணவில்லை, நலமாக இருக்கிறீர்களா?' எனக் கேட்டால் உண்மை கூறும் வாய்ப்பு மிகுதி. உயிரை மாய்த்துக்கொள்ள முயலுதல் மலேசியச் சட்டத்தில் நெடுங்காலம் குற்றமாக இருந்தது. 2023-இல் அவ்விதி நீக்கப்பட்டது. சட்டத்தின் அச்சம் நீங்கினும் மானம் போய்விடும் என்னும் அச்சம் நம் குடும்பங்களில் இன்னும் உண்டு. எனவே, பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவின் முகவரியையும், சுகாதார அமைச்சின் 15555 எனும் உளநல உதவி எண்ணையும் பாடத்திட்ட விவரத்தின் முதற்பக்கத்திலேயே எல்லார்க்கும் தருதல் வேண்டும். எல்லார்க்கும் தரப்படும்போது அதனைப் பயன்படுத்துதல் யாருக்கும் இழிவாகத் தோன்றாது. உயிருக்கு ஊறு நேரும் எனத் தோன்றுமிடத்து, முகவரி தருவதோடு நில்லாமல் மாணவரை உடன் அழைத்துச் செல்லுதல் கடமையாகும்.

கல்வி ஆலோசகராகப் பொறுப்பேற்கும் விரிவுரையாளர்க்குக் காலமும் இன்றியமையாதது. பாடம் ஒன்றிலிருந்து விலகுவதற்கான இறுதி நாள், பல்கலைக்கழகங்களில் பருவம் முடிவதற்கு நெடுநாள் முன்னரே கடந்துவிடுவதுண்டு. 13ஆம் வாரத்தில் மாணவரைச் சந்திக்கும் ஆலோசகர் ஆறுதல் மட்டுமே கூறவியலும். 6ஆம் வாரத்தில் சந்திப்பவர் வழிகாட்டவும் இயலும்.

முடிவுரை

இத்தகைய துணை, கல்வித்தரத்தைத் தளர்த்துவதாகும் எனச் சிலர் கருதலாம். இங்குக் கூறியவற்றுள் எதுவும் வினாத்தாளை எளிதாக்கவில்லை. புள்ளியைக் கூட்டித் தரவுமில்லை. 93 மணிநேர வாரத்தில் எழுதப்பட்ட தாள், மாணவரின் அறிவைவிட அவர் எத்தனை இரவு விழித்திருக்க வல்லவர் என்பதையே மிகுதியும் அளக்கிறது. வீட்டில் அமைதியான அறையும் கைச்செலவுக்குப் பணமும் உடையவர் அவ்வளவையில் முந்துவர். சுமையைச் சீராகப் பங்கிட்டு, உரிய காலத்தில் மறுமொழி தந்து, கற்கும் முறையையும் கற்பித்தபின் நடத்தப்படும் தேர்வே மாணவர் கற்றதை உண்மையாக அளக்கும்.

பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இக்கருத்துகள் ஓரளவு பொருந்தும். இன்று பல்கலைக்கழகத்தில் பயில்வோருள் ஒரு பகுதியினர் நாளை அவ்வகுப்பறைகளுக்கே செல்லவிருக்கின்றனர். தாம் நடத்தப்பட்ட முறையையே அவர்கள் தம் மாணவர்பால் கைக்கொள்வர். அடுத்த பருவம் தொடங்குமுன் துறையினர் ஒரு மணிநேரம் கூடி, ஒப்படைப்பு நாள்களை ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.